அப்பப்பாவின் சீவுளிக்கு வயது என்ன? – குடும்பக் கைக்கருவிகளை இனங்கண்டு காலம் கணிக்க ஒரு வழிகாட்டி

புலம்பெயர் நாடுகளில் வாழும் எம்மவர் வீடுகளில் பழைய நிழற்படங்களுக்கும் காணி உறுதிகளுக்கும் ஓர் இடம் உண்டு. அவற்றை உறையிலிட்டுப் பத்திரப்படுத்துகிறோம். அதே வீட்டின் நிலக்கீழ் அறையிலோ பின்வளவுக் கொட்டிலிலோ துருவேறிக் கிடக்கும் சீவுளியையும் உளியையும் கைவாளையும் பாளைக்கத்தியையும் நாம் ஆவணமென்று எண்ணுவதில்லை. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவனவும் இவையே.

இவற்றுட் சில, முதலில் வெளிக்கிட்ட தலைமுறை உடுப்புகளுக்கிடையே சுற்றிக் கொண்டுவந்தவை. சில, போர்நிறுத்த காலத்திலும் 2009க்குப் பின்னரும் ஊருக்குப் போனவர்கள் கூரையற்ற வீட்டிலிருந்து எடுத்துவந்தவை. கடிதங்களும் அல்பங்களும் எரிந்துபோன பல குடும்பங்களில், அப்பப்பாவின் கை தொட்ட பொருளாக எஞ்சியிருப்பது இந்த இரும்புத் துண்டு ஒன்றுதான். அதை வாசிக்கத் தெரிந்தால் அதுவும் ஓர் ஆவணமே.

ஒரு குடும்பக் கருவிக்கு மூன்று காலங்கள் உண்டு. அது செய்யப்பட்ட காலம் ஒன்று. எமது வீட்டுக்குள் வந்த காலம் இரண்டாவது. கடைசியாக உழைத்த காலம் மூன்றாவது. முதலாவதை இரும்பிலும் மரத்திலும் உள்ள அடையாளங்களைக் கொண்டு யாரும் கணிக்கலாம்; இன்றில்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்தும் கணிக்கலாம். மற்ற இரண்டும் உயிரோடிருக்கும் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரையில் அடையாளங்களை வாசிக்கும் முறையையும், பெரியவர்களிடம் கேட்கவேண்டியவற்றையும் சேர்த்தே தருகிறோம்.

துடைப்பதற்கு முன் வாசியுங்கள்

பழைய கருவி கையில் கிடைத்ததும் பலரும் செய்வது, கம்பித் தூரிகையாலோ மின் அரைப்பானாலோ பளபளவென்று ஆக்குவது. இதைச் செய்யவேண்டாம். தயாரிப்பாளரின் முத்திரை பெரும்பாலும் மில்லிமீற்றரில் ஒரு பங்கு ஆழமே இருக்கும். வாளின் அலகில் உள்ள பெயர் அமிலத்தால் பொறிக்கப்பட்டது. அது அதைவிட மெல்லியது. ஒரு நிமிட அரைப்பில் நூறாண்டுச் சான்று போய்விடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதன் தூசும் உடலுக்குத் தீங்கானது.

முதலில் இருந்தபடியே எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். பின்னர் அறையின் விளக்கை அணைத்து, கைப்பேசியின் விளக்கை இரும்பின் மேற்பரப்பை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாத எழுத்து நிழல்விழுந்து தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் முத்திரையின் வடிவம் தாளில் ஏறும். துரு மூடியிருந்தால் தையல் இயந்திர எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

பிடியின் இடுக்கிலோ சீவுளியின் வாயிலோ சந்தனமும் குங்குமமும் காய்ந்து படிந்திருந்தால் அதை நோண்டி எடுக்காதீர்கள். நவராத்திரியின் முடிவில் கருவிகளை வைத்துப் பூசை செய்த வீடு அது என்பதற்கு அந்தப் படிவே சாட்சி.

எழுத்து எங்கே இருக்கும்?

உளியில், பிடிக்குச் சற்றுக் கீழே அலகின் முகத்தில் பாருங்கள். இரும்புச் சீவுளியில், முன்நுனி, அலகை அழுத்திப் பிடிக்கும் மூடி, அலகின் மேற்பகுதி, பிடிக்கு முன்னுள்ள அடித்தளம் ஆகிய நான்கு இடங்களிலும் தேடவேண்டும். மரச் சீவுளியில், முன்முகத்தின் வெட்டுமுகத்தில் முத்திரை குத்தியிருப்பார்கள். வாளில், பிடியைப் பூட்டும் ஆணிகளுள் பெரியதான பித்தளைப் பதக்கத்திலும் அலகின் நடுவிலும் இருக்கும். சுத்தியலில் தலையின் பக்கவாட்டில், மண்வெட்டியில் காம்பு நுழையும் கண்ணுக்குக் கீழே, மடிப்பு அளவுகோலில் பித்தளை மூட்டுக்கு அருகே இருக்கும்.

மூன்று பொறிகள் எம்மவரை அடிக்கடி ஏமாற்றுகின்றன. முதலாவது, சீவுளியில் உள்ள 4, 5, 7 போன்ற எண்கள். அவை அளவைக் குறிக்கும், ஆண்டை அல்ல. இரண்டாவது, நிறுவனம் தொடங்கிய ஆண்டு. ஷெபீல்ட் நகரின் ஸ்பியர் அண்ட் ஜாக்சன் நிறுவனம் தன் தொடக்கத்தை 1760 என்று குறிப்பிடும். அந்த ஆண்டைப் பொறித்த வாள் நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். மூன்றாவது, வாளின் பதக்கத்தில் உள்ள ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்ற சொற்கள். அது தரத்தைப் புகழும் பொதுச் சொற்றொடர். தயாரிப்பாளரின் பெயர் அல்ல.

நாட்டின் பெயர் சொல்லும் காலம்

கருவியில் ஒரு நாட்டின் பெயர் இருந்தால் அரைவாசி வேலை முடிந்தது. வேற்று நாட்டில் செய்த பொருளை உள்நாட்டுப் பொருள்போல் விற்பதைத் தடுக்கப் பிரித்தானியா 1887இல் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ‘மேட் இன் ஜேர்மனி’ என்ற பொறிப்பு உலகறிந்த பொறிப்பானது அதன் பின்னரே. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கவரிச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. ஆகவே ‘இங்லண்ட்’ என்ற சொல் பொறித்த கருவி பெரும்பாலும் 1890களுக்குப் பிந்தியது. ‘ஷெபீல்ட்’ என்று ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

அரசியல் மாற்றங்கள் இன்னும் துல்லியமான எல்லைகளைத் தருகின்றன. ‘மேற்கு ஜேர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், யப்பான் நேசநாடுகளின் ஆட்சியில் இருந்த 1945 முதல் 1952 வரையான காலத்தது. ‘சிலோன்’ என்ற பெயர் இருந்தால், நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறிய 1972 மே 22க்கு முந்தியதாகக் கொள்ளலாம். தனியார் நிறுவனங்கள் சில பழைய பெயரைத் தொடர்ந்து வைத்திருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

அங்குலம் மட்டும் உள்ள அளவுகோலும் ஒரு சான்றுதான். இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. அங்குலம் மட்டும் உள்ள கோலொன்று அதற்கு முன்னர் வாங்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எம் வீடுகளில் காணக்கூடிய பெயர்கள்

குடியேற்ற ஆட்சியும் அதன் வணிக வழிகளும் காரணமாக, எமது தச்சர்களின் கைக்கு வந்த நல்ல உருக்கில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தது. உளி அலகில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று இருந்தால், அது அச்சில் வார்த்த இரும்பு என்று பொருளல்ல. 1740களில் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் உருவாக்கிய, மூசையில் உருக்கி எடுக்கும் உயர்தர உருக்கை அது குறிக்கிறது. இப்பொறிப்பு 19ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாக இருந்து, 20ஆம் நூற்றாண்டின் முதற் சில பத்தாண்டுகளுடன் அருகிவிட்டது. அத்தகைய உளி உங்களிடம் இருந்தால் அது அப்பப்பாவின் காலத்ததன்று, அவருடைய தகப்பனின் காலத்ததாகவும் இருக்கலாம்.

உளியில் மூவிலைச் சின்னம் இருந்தால் அது வில்லியம் மார்பிள்ஸ் அண்ட் சன்ஸ். 1828இல் தொடங்கிய ஷெபீல்ட் நிறுவனம். அது அயர்லாந்தின் சின்னம் என்பதால் அயர்லாந்துக் கருவி என்று எண்ணிவிட வேண்டாம்.

‘றெக்கோட்’ என்ற பெயருள்ள இரும்புச் சீவுளிகள் ஷெபீல்டின் சி. அண்ட் ஜே. ஹம்ப்ரன் நிறுவனத்துடையவை. அவற்றின் விற்பனை 1931இல் தொடங்கியது. எண்ணுக்கு முன் ஒரு பூச்சியம் இருக்கும்: 04, 05 என்று. ஆகவே றெக்கோட் சீவுளி எதுவும் 1931க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதே பெயரில் உள்ள நீல நிறப் பிடிகவ்விகள் அதற்கு முன்பிருந்தே வந்தவை.

‘ஸ்டான்லி’ சீவுளிகள் அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் ஊரில் தொடங்கியவை. லெனாட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை அந்நிறுவனம் 1869இல் வாங்கியது. அதனாலேயே பல சீவுளிகளில் பெய்லி என்ற பெயரும் உண்டு. அலகைக் கழற்றினால் அடித்தளத்தில் காப்புரிமைத் திகதிகள் வார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்று திகதிகள் இருந்து அவற்றுள் ஒன்று 1910 ஏப்ரல் 19 என்றால், அது ஏறத்தாழ 1910க்கும் 1918க்கும் இடையில் செய்யப்பட்டது. அலகில் இதய வடிவத்துக்குள் எஸ், டபிள்யூ ஆகிய எழுத்துகள் இருந்தால் 1920க்கும் 1930களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. அலகை அழுத்தும் மூடியின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால் அந்த மூடி 1933க்கு முந்தியதல்ல. ஸ்டான்லி 1930களின் பிற்பகுதியில் ஷெபீல்டிலும் உற்பத்தியைத் தொடங்கியது. எனவே ‘ஸ்டான்லி’யுடன் ‘மேட் இன் இங்லண்ட்’ என்றும் சேர்ந்து இருந்தால் அக்காலத்துக்குப் பிந்தியது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வெளியிட்டுள்ள வகை அட்டவணைகள் அமெரிக்காவில் செய்த சீவுளிகளுக்கே பொருந்தும். ஷெபீல்ட் ஸ்டான்லியை அவற்றோடு ஒப்பிட்டால் தவறான ஆண்டே கிடைக்கும்.

வாள்களில் பிலடெல்பியாவின் டிஸ்டன் பெயர் பெற்றது. 1840இல் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய நிறுவனம் அது. பதக்கத்தில் ‘அண்ட் சன்ஸ்’ என்றிருந்தால் 1871க்கு முந்தியதல்ல. 1955இல் நிறுவனம் கைமாறியது. புதிய உரிமையாளரான போர்ட்டரின் பெயர் வாளில் இருந்தால் அதற்குப் பிந்தியது.

பித்தளை மூட்டுள்ள மஞ்சள் நிற மர மடிப்புக்கோல்களில் பேர்மிங்ஹாம் நகரின் றேபோன் பெயர் இருக்கலாம். ஜோன் றேபோன் நிறுவனம் 1963இல் ஷெபீல்டின் செஸ்டர்மன் நிறுவனத்துடன் இணைந்தது. றேபோன் செஸ்டர்மன் என்று இரு பெயரும் சேர்ந்திருந்தால் 1963க்குப் பிந்தியது.

தோட்டக்காரரின் மண்வெட்டியில் முதலை உருவம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் இருந்த சிலிங்டன் கொம்பனி, குடியேற்ற நாடுகளுக்கென்றே முதலைச் சின்னத்துடன் மண்வெட்டிகளைச் செய்து அனுப்பியது. சின்னத்தை மட்டும் நம்பாமல் ஊர்ப்பெயரையும் தேடுங்கள்.

அரச முத்திரைகள்

கோழியின் கால் அடிபோல மூன்று கோடுகள் மேல்நோக்கிக் கூடும் அம்புக்குறியைச் சில கருவிகளில் காணலாம். அது பிரித்தானிய அரச உடைமை என்பதற்கான குறி. அதன் அருகே 1941, 1943 என்று ஓர் ஆண்டும் குத்தியிருந்தால் அது உண்மையாகவே உற்பத்தி ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் பலாலியிலும் திருகோணமலைச் சீனன்குடாவிலும் பிரித்தானிய வான்படைத் தளங்கள் இருந்தன. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்தத் தளங்களில் எம்மவர் பலர் தச்சராகவும் பொருத்துநராகவும் வேலை செய்தனர். உங்கள் குடும்பத்துச் சுத்தியலில் அம்புக்குறி இருந்தால், ‘எங்கள் குடும்பத்தில் யாராவது தளத்தில் வேலை செய்தார்களா?’ என்பதே நீங்கள் அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி.

‘சி.ஜி.ஆர்.’ என்ற எழுத்துகள் இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியைக் குறிக்கும். வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை 1905இல் முழுமையாக இணைந்தது. ‘பி.டபிள்யூ.டி.’ என்றிருந்தால் பொதுவேலைப் பகுதி. இத்தகைய கருவி வீட்டிலிருப்பதால் அது களவாக வந்தது என்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கழித்துவிட்ட கருவிகள் ஏலத்திலும் பழைய இரும்புக் கடைகளிலும் விலைபோவது வழமை.

முத்திரை இல்லாத கருவிகள்

எமது வீடுகளில் உள்ள கத்தி, கோடரி, வாய்ச்சி, பாளைக்கத்தி, அரிவாள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த முத்திரையும் இராது. அவை ஊர்க் கொல்லரின் பட்டறையில் பிறந்தவை. அங்கும் சான்று உண்டு.

கத்தியின் பக்கத்தில் மங்கலான சாய்கோடுகள் ஒழுங்காக ஓடினால், தேய்ந்துபோன அரத்தைக் காய்ச்சி அடித்துச் செய்த கத்தி அது. அரத்தின் பல் முழுதாக அழியாமல் நிற்கிறது. அலகு ஒரே தடிப்பாக, இலேசான வளைவுடன் இருந்தால் லொறியின் வில்லுத் தகட்டில் செய்ததாக இருக்கலாம். இலங்கையில் மோட்டார் வாகனம் 20ஆம் நூற்றாண்டில்தான் ஓடத் தொடங்கியது என்பதால் அதன் மூத்த எல்லை அதுவே. மாறாக, வெட்டுவாயை ஒட்டி வேறு நிறத்தில் ஒரு கோடு ஓடினால், மெல்லிரும்பு உடலில் உருக்கு வாயை வைத்துக் காய்ச்சி ஒட்டிய பழைய முறை. உருக்கு விலைகூடிய பொருளாக இருந்த காலத்தின் வேலை அது. பிடிக்குள் அலகை அரக்கு வைத்து இறுக்கியிருந்தால் அதுவும் பழைய வழக்கமே. மின்சாரப் பற்றவைப்பின் புடைப்பு தெரிந்தால், ஒன்றில் கருவி பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தில் திருத்தப்பட்டது.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கருவி கிடைப்பது அரிதான அந்த ஆண்டுகளில், உடைந்ததை ஒட்டியும் தேய்ந்ததைக் காய்ச்சியும் பாவித்தார்கள். திருத்த அடையாளங்கள் நிறைந்த ஒரு கருவியைக் கண்டால் இக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பிடி வேறு, அலகு வேறு

மரப்பிடி தேயும், உளுக்கும், உடையும். அலகு தலைமுறை தாண்டும். ஆகவே பிடியின் வயதும் அலகின் வயதும் ஒன்றாக இருப்பது அரிது. ஷெபீல்ட் உளிகளுக்கு பீச், பொக்ஸ்வூட் போன்ற வெளிநாட்டு மரப்பிடிகள் வந்தன. அமெரிக்க ஸ்டான்லியின் பழைய சீவுளிகளில் கருஞ்சிவப்பு றோஸ்வூட் பிடி இருக்கும். உங்கள் ஷெபீல்ட் உளியில் இருப்பது புளியோ, பூவரசோ, முதிரையோ, பாலையோ என்றால் அந்தப் பிடி எமது மண்ணில் கடைந்து போட்டது.

விற்பனைக்காகச் சேகரிப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். குடும்பத்துக்கு அதுவே கருவியின் முக்கியமான பகுதி. இரும்பை யாரோ ஓர் ஆங்கிலத் தொழிலாளி அடித்தார். பிடியைச் செய்தவர் உங்கள் அப்பப்பாவாக இருக்கலாம். அப்பிடியைக் கழற்றி ‘அசல்’ பிடி போடாதீர்கள். பெருவிரல் அழுந்திய பள்ளம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பாருங்கள். அவர் இடக்கைக்காரரா என்பதைக்கூட அது சொல்லலாம்.

எழுத்துகள் யாருடையவை?

தயாரிப்பாளரின் முத்திரை ஒரு முறை, நேராக, நடுவில் இருக்கும். உரிமையாளரின் எழுத்து சிறியதாக, சில வேளை கோணலாக, பல இடத்தில் திரும்பத் திரும்ப இருக்கும். ஆணியால் குத்திய புள்ளிகளாலும் எழுதியிருப்பார்கள். ஒரே பட்டறையில் வேலைசெய்த சகோதரர்கள் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுப் போட்டும் பிரித்தறிந்தார்கள்.

தலையெழுத்தை வாசிக்கும்போது எமது வழக்கத்தை மறக்கக்கூடாது. இங்கு பிறந்த பிள்ளைகள் முதல் எழுத்தை உரியவரின் பெயர் என்றும் இரண்டாவதைக் குடும்பப் பெயர் என்றும் கொள்வார்கள். எம்மிடையே முதல் எழுத்து தகப்பனின் பெயர். பின்வருவதே உரியவரின் பெயர். ‘வி.கே.’ என்றிருந்தால் தேடவேண்டியது ‘வி’ என்பவரை அல்ல, ‘வி’யின் மகனான ‘கே’யை. முன்னால் இன்னோர் எழுத்து இருந்தால் அது பாட்டனின் பெயராகவோ ஊரின் பெயராகவோ இருக்கலாம். ஒரு கருவியில் இரண்டு வெவ்வேறு தலையெழுத்துகள் இருந்து, ஒன்றின் இறுதி எழுத்தே மற்றதன் முதல் எழுத்தாக இருந்தால், தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த கருவியாக அது இருக்க வாய்ப்புண்டு.

கணக்கிடும் முறை

விதி எளிது. கருவியில் உள்ள அடையாளங்களுள் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன்னர் கருவி முழுமையடைந்திருக்க முடியாது. அது கீழெல்லை. யாராவது அதைப் பாவித்ததைக் கண்ட மிகப் பழைய நினைவு மேலெல்லை. இரண்டுக்கும் இடையில்தான் கருவி செய்யப்பட்டது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். றெக்கோட் 05 சீவுளி ஒன்று. ‘மேட் இன் இங்லண்ட்’ என்று உண்டு. பின்பிடி முதிரை மரம். றெக்கோட் என்பதால் 1931க்கு முன் அல்ல. ‘1956இல் எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தபோது இதால்தான் சீவினவர்’ என்று பெரியப்பா சொல்கிறார். அப்படியானால் செய்யப்பட்டது 1931க்கும் 1956க்கும் இடையில். முதிரைப் பிடி அதற்குப் பிறகு மாற்றியதா, முன்பே இருந்ததா என்று அவரிடமே கேட்கலாம். ஓர் ஆண்டைச் சரியாகச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. ‘1931–1956’ என்று எழுதுவது, ‘நூறு வருசப் பழசு’ என்று சொல்வதைவிட நூறு மடங்கு பயனுள்ளது.

பாகங்கள் மாறியிருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஸ்டான்லி அடித்தளத்தில் றெக்கோட் அலகு இருப்பது புதுமையல்ல. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே காலம் எழுதுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கவேண்டியவை

கருவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். படத்தைக் காட்டிக் கேட்பதைவிட அது பலன் தரும். பிடித்ததும் கை தானாக வேலை செய்யத் தொடங்கும். பேச்சும் அதோடு வரும். கைப்பேசியில் ஒலியையோ காணொளியையோ பதிவு செய்யுங்கள்.

– இதற்கு ஊரில் என்ன பெயர்? வாய்ச்சி, துறப்பணம், கொட்டாப்புளி, மூலைமட்டம், அலவாங்கு போன்ற சொற்களை அவர்கள் வாயாலேயே பதியுங்கள். இவற்றுள்ளும் வரலாறு உண்டு. அலவாங்கு என்பது போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்த சொல்.
– யார் பாவித்தவர்? அவருக்கு யார் கொடுத்தவர்? விலைக்கு வாங்கியதா, சீதனமாகவோ கூலியாகவோ வந்ததா?
– எங்கே வாங்கியது? புறக்கோட்டையிலா, யாழ்ப்பாணப் பெரியகடையிலா, ஊர்க் கொல்லரிடமா? அந்தக் கொல்லரின் பட்டறை எவ்விடம்?
– இதால் செய்த பொருள் ஏதாவது இன்னும் இருக்கிறதா? கதவா, தேரா, வள்ளமா?
– 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது இது எங்கே இருந்தது? யார் திரும்ப எடுத்தது?
– கடைசியாக யார், எப்போது பாவித்தது?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் சிலர் உடனே பதில் சொல்லமாட்டார்கள். மௌனமாக இருந்தால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள்.

இன்னொரு மௌனமும் உண்டு. பாளைக்கத்தி, தளைநார், சவரக்கத்தி, கரி இஸ்திரிப்பெட்டி போன்றவற்றைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்த பெற்றோர் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கருவி சாதியைச் சொல்லிவிடும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை அவர்களுக்குக் கொடுத்தது எமது சமூகம். வெட்கப்படவேண்டியது ஒடுக்கியவர்களே தவிர, அந்தக் கத்தியைப் பிடித்து ஒரு குடும்பத்தை வளர்த்தவர் அல்ல. ஒரு பாளைக்கத்தியின் அலகைப் பாருங்கள்: சீவும்போது பாளை கசங்கக்கூடாது என்பதற்காக எவ்வளவு மெல்லிதாகத் தீட்டியிருக்கிறது! உயரத்தில், ஒரு கையால் பாவிக்கவென்று கொல்லரும் தொழிலாளியும் சேர்ந்து வடிவமைத்த நுட்பம் அது. பேரப்பிள்ளைகள் அறியவேண்டியது அதைத்தான். ஆனாலும் சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை. வற்புறுத்தாதீர்கள்.

கொண்டுவருதலும் வைத்திருத்தலும்

ஊரிலிருந்து கருவி கொண்டுவருபவர்கள் கூரிய எதையும் கைப்பையில் வைக்காமல், வாயை அட்டையால் மூடிக் கட்டிப் பொதியில் அனுப்பவேண்டும். இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. எமது வீட்டுக் கருவிகளுள் அவ்வளவு பழையவை மிக அரிது. ஐயம் இருந்தால் தொல்பொருட் திணைக்களத்திடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே வெளியே கொண்டுவரலாம். சவரக்கத்தியின் பிடியோ அளவுகோலோ யானைத்தந்தமாக இருந்தால், எல்லை கடத்துவதற்கும் விற்பதற்கும் பல நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டான்லி, றெக்கோட் சீவுளிகள் மிகப் பெருந்தொகையில் செய்யப்பட்டவை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய பொருட் சந்தைகளில் இவை இன்றும் கிடைக்கின்றன. விற்றால் பெரும்பணம் வரும் என்று எண்ணவேண்டாம். சந்தையில் உள்ள சீவுளிக்கும் உங்களுடையதற்கும் உள்ள வேறுபாடு, அதை யார் பிடித்தார் என்று உங்களுக்குத் தெரியும் என்பது மட்டுமே. அது எழுதப்படாவிட்டால் அந்த வேறுபாடும் இல்லாமற் போகும்.

வைத்திருப்பதற்கு அதிகம் தேவையில்லை. ஈரமற்ற இடம், ஆண்டுக்கொரு முறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பருத்தித் துணிச் சுற்று. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருவேறும். கருவி மீண்டும் வேலை செய்வதிலும் தவறில்லை. தீட்டிப் பாவிக்கலாம், முத்திரையையும் பிடியையும் மட்டும் தொடாதீர்கள்.

கடைசியாக, ஒரு துண்டுக் கடதாசி. கருவியின் ஊர்ப்பெயர், தயாரிப்பாளர், கணித்த காலம், அதற்கான காரணம், பாவித்தவரின் முழுப்பெயர், ஊர், தொழில், எம்மிடம் வந்த வழி, சொன்னவரின் பெயர், எழுதிய திகதி. இவற்றைத் தமிழிலும் பிள்ளைகள் வாசிக்கும் மொழியிலும் எழுதிக் கருவியோடு கட்டிவையுங்கள். ஒரு பிரதியையும் ஒலிப்பதிவையும் வேறு வீட்டில் இன்னோர் உறவினரிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்த வேலைக்கு ஒரு பின்னேரம் போதும். வருகிற விடுமுறையில் அப்பப்பாவோ, அம்மம்மாவோ, பெரியப்பாவோ வரும்போது தேநீரோடு அந்தப் பழைய பெட்டியையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள்.